பழைய காருக்கு ரிவர்ஸ் கேமரா: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி, 7 ஜூலை 2024

என்னிடம் 2015 வேகன் ஆர் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை முந்தைய ஓனரே போட்டிருந்தார். ரிவர்ஸ் கேமரா மாட்டலாம் என்று சென்னையில் கார் உதிரிச் சாமான் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். ஒரு கடையில் 8 எல்.இ.டி. வைத்த கேமராவைக் காட்டி "நைட் விஷன் சார், இதுதான் பெஸ்ட்" என்கிறார்கள். அடுத்த கடையில் "தெளிவான படம் தரும் ஏ.எச்.டி. வகை இல்லாமல் வாங்கவே வாங்காதீங்க" என்கிறார்கள். மச்சானோ சென்சார் போதும், கேமரா வீண் செலவு என்கிறான். எது நல்லது? நானே மாட்ட முடியுமா?

7 ஜூலை 2024, இரவு

எந்தக் கேமரா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று: திரையின் கீழ் ஓரத்தில் உங்கள் காரின் பம்பர் ஒரு கோடாகவாவது தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் வண்டியை ஒட்டி நிற்பதை அந்தக் கேமரா காட்டப்போவதில்லை. பத்தடி தள்ளி நிற்கிற ஆளைக் கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம். பின் கண்ணாடிக்குக் கீழே, பம்பரிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருப்பதுதான் நம் கண்ணுக்கு எட்டாது. உருண்டு வந்த பந்தை எடுக்கக் குழந்தை குனிவது அந்த இடத்தில்தான்.

என் காரில் கடைக்காரப் பையன் மாட்டிக் கொடுத்தபோது கேமரா நேராகத் தெருவைப் பார்த்தது. படம் அருமை, தெருக்கோடி வேப்பமரம் வரை தெரிந்தது. வீட்டுக்கு வந்து வாசலில் ரிவர்ஸ் போட்டால், பம்பரை ஒட்டி நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் திரையில் இல்லவே இல்லை. பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி, கேமராவைக் கீழே சாய்த்து, பம்பர் விளிம்பு படத்துக்குள் வரும்வரை திருப்பினேன். வேப்பமரம் போய்விட்டது, சைக்கிள் வந்துவிட்டது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பம்பரின் இடது மூலை, நடு, வலது மூலை என்று மாற்றி மாற்றி ஒட்டி வைக்கச் சொல்லி, நீங்கள் டிரைவர் சீட்டில் இருந்து பாருங்கள். மூன்று இடத்திலும் கேன் தெரிந்தால்தான் பணம்.

8 ஜூலை 2024

மச்சான் சொன்னதற்கு வருகிறேன். நம் நாட்டில் 1 ஜூலை 2019 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். கேமரா கட்டாயமில்லை. அதனால் சட்டமே சென்சார் போதும் என்று சொல்வதுபோல் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விதி குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. அதோடு உங்கள் 2015 வண்டியில் அந்தச் சென்சாரும் கம்பெனியிலிருந்து வந்திருக்காது.

சென்சார் அல்ட்ராசோனிக் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. சுவர், கார், தூண் என்றால் நன்றாகக் கண்டுபிடிக்கும். மெல்லிய கம்பி, தாழ்வான திண்ணை விளிம்பு, மூடி இல்லாத சாக்கடைப் பள்ளம், இவற்றில் தடுமாறும். பள்ளத்தில் மோதித் திரும்ப ஒன்றுமே இல்லையே. துணி போன்ற மெத்தென்ற பொருள் ஒலியை உறிஞ்சிவிடும். மறுபக்கம், கேமராவின் திரையை நீங்கள் பார்த்தால்தான் பயன். நீங்கள் இடது கண்ணாடியைப் பார்க்கும் நொடியில் பீப் பீப் என்று கத்துவது சென்சார்தான். காசு இருந்தால் இரண்டும் போடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், நான் கேமராவைத்தான் சொல்வேன்.

10 ஜூலை 2024

ஏ.எச்.டி. பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சாதாரணக் கேமரா பழைய டி.வி. மாதிரி அனலாக் படம் அனுப்பும். என்.டி.எஸ்.சி. என்ற பழைய டி.வி. வகையில் அது 720க்கு 480 புள்ளி. ஏ.எச்.டி. 720 என்றால் 1280க்கு 720. படம் நிச்சயம் தெளிவு. ஆனால் ஸ்டீரியோவும் ஏ.எச்.டி.யை ஏற்க வேண்டும். ஏற்காத ஸ்டீரியோவில் திரை கறுப்பாக இருக்கும், அல்லது படம் உருண்டுகொண்டே இருக்கும். செட்டிங்ஸில் பின் கேமரா என்ற இடத்தில் சி.வி.பி.எஸ். (சாதாரண அனலாக்), ஏ.எச்.டி. 720 25, ஏ.எச்.டி. 720 30 என்று வருகிறதா பாருங்கள். வந்தால் தைரியமாக ஏ.எச்.டி. வாங்கலாம். 25, 30 என்பது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, அதுவும் கேமராவோடு பொருந்த வேண்டும். படம் வரவில்லை என்று கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் இந்தச் செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்.

பெட்டியில் "170 டிகிரி" என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்த கணக்கு, அகலவாக்கில் அவ்வளவு வராது. அகலம் கூடக் கூட நடுவில் நிற்கும் ஆள் சிறுத்து, தூரத்தில் நிற்பது போலத் தெரிவார். அகலவாக்கில் 120, 130 டிகிரி உள்ள கேமராவே எனக்குப் பிடிக்கும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி.67 அல்லது 68 என்ற முத்திரையைப் பாருங்கள். அதைவிட, கேபிள் கேமராவுக்குள் நுழையும் இடம் ரப்பரால் அழுத்தமாக மூடியிருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பாருங்கள்.

13 ஜூலை 2024

எங்கே மாட்டுவது? நம்பர் பிளேட் லைட்டுக்குப் பக்கத்தில், டிக்கிக் கதவின் நடுவில். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளினாலும் பரவாயில்லை, கண் சில நாளில் பழகிவிடும். உயரம் குறையக்கூடாது. பம்பரிலேயே ஓட்டை போட்டு மாட்டினால் சேறு, புகை எல்லாம் லென்ஸில்தான்.

ஆன்லைனில் நம்பர் பிளேட் ஃபிரேமோடு சேர்ந்த கேமரா கிடைக்கிறது. வெளிநாட்டு நீட்ட அகலத்துக்குச் செய்தது நம் பிளேட்டில் உட்காராது. அதோடு, ஹெச்.எஸ்.ஆர்.பி. என்ற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உள்ள வண்டியில் பின்னால் இருப்பது திருகு கிடையாது, ஒருமுறை மாட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற ஸ்னாப் லாக். கேமராவுக்காக அதில் கை வைக்காதீர்கள்.

வட்ட ஓட்டை போட்டுச் செருகும் வகையை விட, ஸ்க்ரூவில் உட்காரும் பட்டாம்பூச்சி வகைதான் பழைய காருக்கு என் தேர்வு. பிற்பாடு கோணத்தை மாற்ற முடிகிறது. தகரத்தில் ஓட்டை போட்டே தீர வேண்டும் என்றால், போட்ட ஓட்டையின் விளிம்புக்கு உடனே பிரைமரும் பெயிண்டும் தொட்டு வையுங்கள். சென்னைக் கடற்காற்றில் வெறும் விளிம்பு துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

14 ஜூலை 2024

இப்போது ஒயரிங். நானே மாட்ட முடியுமா என்று கேட்டீர்கள். பொறுமையும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் முடியும்.

விஷயம் இவ்வளவுதான்: கேமராவுக்கு ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட் வேண்டும், படம் முன்னால் போக மஞ்சள் ஆர்.சி.ஏ. கேபிள் வேண்டும், ரிவர்ஸ் போட்டாயிற்று என்று ஸ்டீரியோவுக்குச் சொல்ல ஒரு ஒயர் வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஆர்.சி.ஏ. கேபிளோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று வரும், அது இதற்காகத்தான். பின்பக்க முனையை ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவ்வில், முன்பக்க முனையை ஸ்டீரியோவில் ரிவர்ஸ் அல்லது பேக் என்று எழுதியிருக்கும் ஒயரில். பல பிராண்டுகளில் அது வயலட் நிறத்தில் வெள்ளைக் கோட்டோடு இருக்கும்.

ரிவர்ஸ் லைட்டின் ஒயரைக் கண்டுபிடிக்க ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போட்டு, மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரும் ஒயரைப் பாருங்கள். கியரை எடுத்ததும் பூஜ்யமாக வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். சில கார்களில் ஒரு பக்கம்தான் ரிவர்ஸ் லைட் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததும் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத்தான் வேலை.

கஷ்டமான இடம் டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய். புதிய கேபிளும் அதற்குள்தான் போக வேண்டும். வெளியே தொங்கவிட்டால் கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் நசுங்கி, ஒருநாள் அறுந்துபோகும். குழாயின் இரண்டு முனையையும் கழற்றி, கெட்டியான கட்டுக்கம்பியை முதலில் நுழைத்து, அதன் முனையில் கேபிளை டேப்பால் கட்டி, மேலே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி இழுங்கள். இதற்கே எனக்கு அரை மதியம் போனது. அவசரப்பட்டுக் குழாயைக் கிழித்தால் மழைத் தண்ணீருக்கு வழி திறந்துவிட்டதாகிவிடும்.

அங்கிருந்து கதவு வாசற்படிகளின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் முன்னால் கொண்டுவரலாம். ஹேட்ச்பேக்குக்கு 6 மீட்டர் கேபிள் போதும். கேபிள் ஆடிச் சத்தம் போடாமல் இருக்கத் துணி டேப்பைச் சுற்றுங்கள்.

14 ஜூலை 2024, சற்று நேரம் கழித்து

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. ஜன்னல் ஓரமாக மேலிருந்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் பில்லர் ஓரமாகக் கேபிள் கொண்டுபோகும்போது ஏர்பேக்கின் குறுக்கே விடவே கூடாது. அது விரியும் வழியில் எதுவும் இருக்கக்கூடாது. தெரியாவிட்டால் அந்த வேலையை மட்டும் சர்வீஸில் கொடுங்கள்.

அப்புறம், ஒயரை நடுவில் சீவி, முறுக்கி, டேப் சுற்றும் பழக்கம். என் நண்பர் ஒருவருக்கு ஒரு கடையில் அப்படித்தான் இணைத்துக் கொடுத்தார்கள். வெயிலில் பசை இளகி டேப் நழுவி, ஒயர் தகரத்தில் பட்டு, ரிவர்ஸ் லைட் ஃப்யூஸே போய்விட்டது. கேமராவும் இல்லை, ரிவர்ஸ் லைட்டும் இல்லை. சால்டர் செய்து சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லுங்கள். கேமரா லைனில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைத் தனியாகப் போட்டுவிட்டால் வண்டியின் ஃப்யூஸுக்கு வேலை வராது.

21 ஜூலை 2024

மதுரை நண்பர் கேட்டது: "இடது பக்கம் நிற்பவர் திரையில் வலது பக்கம் தெரிகிறார்." கேமரா முன்பக்க மோடில் இருக்கிறது. பின்கேமரா படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்ட வேண்டும். பல கேமராக்களில் கேபிளில் இரண்டு குட்டி வளைய ஒயர்கள் இருக்கும். ஒன்றை வெட்டினால் படம் திரும்பும், இன்னொன்றை வெட்டினால் வழிகாட்டிக் கோடுகள் போகும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே வரும் சீட்டைப் படித்துவிட்டு வெட்டுங்கள். ஏற்கெனவே யாரோ வெட்டியிருந்தால் திரும்ப இணைத்தால் பழையபடி ஆகும். இதைச் சரிசெய்யாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு கோடு எல்லாக் கேமராவிலும் ஒரே மாதிரி அச்சடித்தது. உங்கள் கார் எவ்வளவு அகலம், கேமரா எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. ஒரு சமதளத்தில் பம்பரிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டு, திரையில் எது எங்கே விழுகிறது என்று பாருங்கள். என் காரில் சிவப்புக் கோடு நான் நினைத்ததைவிட வண்டிக்கு ரொம்பப் பக்கத்தில் விழுந்தது. நான் கோடுகளையே எடுத்துவிட்டேன். பம்பர் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்போது அதுதான் நம்பகமான கோடு.

28 ஜூலை 2024

அந்த 8 எல்.இ.டி.க்கு இப்போதுதான் வருகிறேன். அந்த விளக்குகள் பம்பரையும் லென்ஸ் மேல் உள்ள தூசியையும் மழைத்துளியையும்தான் வெளிச்சமாக்குகின்றன. பக்கத்தில் இருப்பது வெளுத்துப்போவதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், பின்னால் உள்ளது இன்னும் இருட்டாகும். இரவுப் படத்துக்கு உண்மையான விளக்கு உங்கள் ரிவர்ஸ் லைட்தான். 2015 வண்டியில் அதன் கண்ணாடி மங்கியிருக்கும், பல்ப் கறுத்திருக்கும். பல்பை அதே வாட்ஸில் புதிதாக மாற்றி, மூடியை மெருகேற்றிப் பாருங்கள். எல்.இ.டி. கேமரா வாங்காமலே படம் தெளிந்துவிடும்.

17 ஆகஸ்ட் 2024

ஒயர்லெஸ் பற்றி ஒருவர் விடாமல் கேட்கிறார். காருக்கு வேண்டாம். ஒயர்லெஸ் என்றாலும் கேமராவுக்குப் பின்னால் 12 வோல்ட் கொடுக்கத்தான் வேண்டும், மிச்சமாவது அந்த ஒரு கேபிள்தான். மலிவான வகைகள் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் அத்தனை வைஃபைக்கும் நடுவில் படம் சிதறும். போன் ஆப்பில் பார்க்கும் வகை இன்னும் மோசம். இணைப்பு வருவதற்குள் வண்டியை எடுத்து முடித்திருப்போம்.

யோசித்துப் பார்த்தால், டிராக்டர் டிரெய்லருக்கு அது சரி. டிரெய்லரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கேபிள் அறுந்துபோகும் தொல்லை அங்கே நிஜம். அதற்கு டிஜிட்டல் ஒயர்லெஸ் வாங்குங்கள்.

6 அக்டோபர் 2024

கேட்டவர் மாட்டிவிட்டார்! ஆயுத பூஜைக்கு முன் முடித்தது நல்லது, இந்த வாரம் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஆனால் படம் வந்து வந்து போகிறது என்கிறார்.

கேமராவைக் குறை சொல்லும் முன் ஒருவரைப் பின்னால், வண்டி வரும் வழியை விட்டுப் பக்கவாட்டில், நிற்க வைத்து ரிவர்ஸ் லைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் லீவரை லேசாக ஆட்டும்போது லைட்டும் மினுக்கினால் கோளாறு கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் ஸ்விட்சில். பத்து வருட வண்டியில் அது தேய்வது சகஜம். இதுவரை லைட் மினுக்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், இப்போது கேமரா காட்டிக்கொடுக்கிறது. லைட் நிலையாக எரிந்து படம் மட்டும் போனால், எர்த் ஒயரை, அதாவது கேமராவின் நெகட்டிவ்வை வண்டித் தகரத்தோடு சேர்க்கும் ஒயரைப் பாருங்கள். பெயிண்ட் மேல் திருகிய எர்த் எர்த்தே இல்லை. சுரண்டி, வெறும் தகரத்தில் இறுக்குங்கள். படத்தில் கோடு கோடாக ஓடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

சேர்த்து இன்னொன்று. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ காலையில் எழுந்திருக்க நேரம் எடுக்கும். அதற்குள் ரிவர்ஸ் போட்டால் திரை இருட்டாக இருக்கும். படம் வரும்வரை வண்டியை நகர்த்தாமல் இருக்கப் பழகுங்கள்.

9 அக்டோபர் 2024

ஸ்விட்ச்தான் என்று உறுதி செய்திருக்கிறார். மாற்றியதும் சரியாகிவிட்டதாம். சந்தோஷம்.

19 அக்டோபர் 2024

மழை ஆரம்பித்துவிட்டது. கேமராவுக்குள் நீராவி படிந்தால் காய வைத்துப் பயனில்லை, சீல் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். கேமரா நன்றாக இருந்து படம் மங்கினால் கனெக்டரில் தண்ணீர் இருக்கும். கேபிள் கனெக்டருக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

2 நவம்பர் 2024

"எத்தனை வருஷமாகக் கேமரா இல்லாமல் ஓட்டவில்லையா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டினோம். நடந்ததையும் சொல்ல வேண்டும்.

2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் இரண்டாம் வகுப்புப் படித்த பிள்ளை, பள்ளி வளாகத்துக்குள்ளேயே ரிவர்ஸ் வந்த பள்ளி வேனில் சிக்கி இறந்தான். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தியது.

அமெரிக்காவில் 2002இல் நியூயார்க் லாங் ஐலண்டில் கேமரன் குல்பிரான்சென் என்ற 2 வயதுக் குழந்தை, சொந்த வீட்டு வாசலில் தந்தை பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தது. அந்தத் தந்தை ஒரு குழந்தை மருத்துவர். அவர் விடாமல் போராடியதில் 2008இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. அதன்படி வந்த பின்கேமரா விதி முழுதாக அமலுக்கு வர 1 மே 2018 ஆயிற்று. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் தெரிய வேண்டும், ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் படம் வர வேண்டும் என்கிறது அது. விதியைக் கொண்டுவந்தபோது அந்த நாட்டு அரசு சொன்ன கணக்கு: இப்படி ஆண்டுக்கு 210 பேர் சாகிறார்கள், அதில் 31 சதவீதம் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

முதல் நாள் பம்பர் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக எழுதியது இதை மனதில் வைத்துத்தான். ஒட்டி நிற்கிற இரண்டு வயதுக் குழந்தையின் தலை பல வண்டிகளில் பின் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழேதான் இருக்கும்.

3 நவம்பர் 2024

டாடா ஏஸ் வைத்திருக்கும் ஈரோட்டு அண்ணனுக்கு: உங்களுக்குக் கார் கேமரா வேண்டாம். லாரிகளுக்கு வரும் நான்கு ஊசி உள்ள (4 பின்) திருகு கனெக்டர் வைத்ததை வாங்குங்கள், அதிர்வில் கழலாது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிப்பீர்கள் என்றால் ஐ.பி.69கே எழுதியது. பின் கதவைக் கீழே திறந்து போடும்போது அடிபடாத இடமாக, சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள். கதவு தொங்கும்போது அது கேமராவை மறைக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அப்புறம் ஓட்டை போடுங்கள். தாழ்வான இடம் என்பதால் லென்ஸில் சேறு படும், காலையில் டயர் பார்க்கும்போது ஈரத்துணியால் ஒரு துடைப்பு. கேபினில் ஸ்டீரியோ திரை இல்லாவிட்டால் நடுக் கண்ணாடி மேல் மாட்டும் 4.3 இஞ்ச் மானிட்டர் போதும். லோடு கட்டினால் அந்தக் கண்ணாடியில் எப்படியும் பின்னால் எதுவும் தெரிவதில்லை.